கடைசி பில்லில் குறைத்தவன்

கடைசி பில்லைக் குறைக்காமல் கொடுத்த பார்ட்டியை டைல் மேஸ்திரி ரசமட்டம் தன்னுடைய இருபத்திரண்டு வருஷத் தொழிலில் பார்த்ததில்லை. முதல் பில்லைச் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். இரண்டாவதை டீ வாங்கிக் கொடுத்துக் கொடுப்பார்கள். தரை முழுக்க டைல் ஒட்டி, இடுக்கு அடைத்து, முகம் தெரிகிற மாதிரி ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கடைசி பில்லை நீட்டுகிற அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அன்றைக்கு ஒரு பல் டாக்டர். வாசலில் மூன்று கார். மனுஷன் அரைக்கால் சட்டையோடு முட்டி போட்டு, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் தவழ்ந்து போனான். பின்னால் ரசமட்டமும் கலவை போடுகிற கிழவரும் நடந்தார்கள். வேலை நடந்த இருபத்தாறு நாளில் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

"இங்க காலியாச் சத்தம் வருதே?"

"கீழ தண்ணி பைப்பு போகுது டாக்டர். அதான் அப்படிக் கேக்குது. கலவை முழுசா இருக்கு."

"எனக்குக் காலியாத்தான் கேக்குது."

"ஒரு டைல எடுத்துக் காட்டட்டுமா? காலியா இருந்தா கூலியே வேணாம்."

"அதெல்லாம் எதுக்கு? எடுத்தா பக்கத்து டைல் உடையும். ரவுண்டா முடிச்சுக்கலாம்."

எல்லாப் பார்ட்டிக்கும் இந்த ரவுண்டு என்ற வார்த்தை எங்கிருந்துதான் கிடைக்கிறதோ. அது ஒரு நாளும் மேல் பக்கம் உருண்டதில்லை. டாக்டரின் ரவுண்டில் ஆறாயிரம் போனது. கலவைக் கிழவர் தெருவுக்கு வந்ததும் காறித் துப்பினார்.

"ஊர் வாயெல்லாம் தட்டிப் பாத்து, சொத்தை சொத்தைன்னு சொல்லியே காசு பாத்தவன் மேஸ்திரி. டைல்ல மட்டும் விடுவானா?"

ரசமட்டத்தின் தொழிலில் இந்தக் குறைப்பு மழை மாதிரி. திட்டலாம், நிறுத்த முடியாது. பில் எழுதும்போதே குறைக்கிறதுக்கு என்று ஐயாயிரம் சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. அவன் சேர்க்க மாட்டான். சரியான தொகையை எழுதுவான், குறைத்த தொகையை வாங்குவான், குறைத்தவனை மனதுக்குள் புழுவாக நினைப்பான். அதில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது.

ரசமட்டம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர். தரையில் வைத்து மட்டம் பார்க்கிற கட்டைதான். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. இவன் மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பான். எதிரே ஒரு ஆள் வந்து நின்றால் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். வந்தவன் கடன் வாங்குகிறவன் என்று தெரிந்தால் போதும், குமிழி குழாயை உடைத்துக்கொண்டு ஓடும்.

அவனும் ஒரே ஒரு தடவை கடன் வாங்கியிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், சாமான் ஏற்றிப் போக ஒரு பைக். பாதித் தவணை கட்டியிருந்தபோது படிக்கட்டிலிருந்து விழுந்து முட்டிச் சிப்பி நகர்ந்துவிட்டது. நாலு மாசம் வேலை இல்லை. வசூல்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டான். கால் சரியானதும் ரசமட்டம் நேராக அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனான். கையில் ரொக்கம். "மொத்தமா முடிக்கறேன், எவ்வளவு குறைப்பீங்க?" என்றான். அவன் அறிந்த உலகத்தில் கடைசிப் பணம் என்றால் குறைத்துத்தான் கொடுப்பது. பல் டாக்டர்களும் வக்கீல்களும் அத்தனை வருஷமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஒன்றரை மணி நேரம் பேசினான். முப்பத்தெட்டாயிரம் குறைத்தார்கள். 'மேற்படி கடன் பேசி முடிக்கப்பட்டது' என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

திரும்பி வருகிற வழியிலேயே அதை லேமினேட் பண்ணிவிட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அவன் இன்னொருத்தனுடைய கடைசி பில்லைக் குறைத்திருக்கிறான். வேலை நடக்கிற இடங்களில் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பான் என்று கலவைக் கிழவரைக் கேட்டால் தெரியும்.

*

வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. பதினொரு வருஷ வாடகை. ஊரில் உள்ள தரைக்கெல்லாம் டைல் ஒட்டுகிறவன் வீட்டில் தரை சொரசொர சிமெண்ட். அறையின் நடுவில் ஒரு குழி, நாற்காலி போட்டால் ஒரு கால் ஆடும். "அடுத்தவன் வீட்டுக்கு நான் ஒரு டைல்கூட ஒட்ட மாட்டேன்" என்று குடிவந்த அன்றைக்குச் சொன்னவன், சொன்ன சொல் மாறவில்லை. பார்ட்டி வீடுகளில் மிச்சமாகும் நல்ல டைல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவான். அவன் மனைவி அந்த நாற்காலிக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வருகிற விரிப்பை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து மடிக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. காலை ஐந்தரைக்கு ஷிப்ட். வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துக்காகத்தான் இந்த வீடு.

வீட்டு ஓனர் ஒரு கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"விக்கப் போறேன்பா. மருந்துக்கடைக்காரன் கேக்கறான், இடிச்சிட்டு குடோன் கட்டுவானாம். பதினோரு வருஷம் இருந்திருக்க, அதனால உன்கிட்ட மொதல்ல கேக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பேங்க் லெட்டரோட வா. அதுக்கு மேல என்னால நிக்க முடியாது."

"பத்தொம்பது நாள்தான் இருக்கு."

"மருந்துக்கடைக்காரன் பத்தொம்பது நிமிஷத்துல குடுப்பான்."

விலையில் கால்வாசி அவர்கள் கையில் இருந்தது. மிச்சத்துக்கு வீட்டுக்கடன். ஓனர் போனதும் மனைவியின் தம்பி சாப்பிட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினான். வேன் ஓட்டுகிறவன். அக்கா வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். ரசமட்டம் அவனுக்கு வைத்திருந்த பேர் தவணை. போன் தவணையில், டிவி தவணையில், கட்டில் தவணையில், மூன்று கார்டு வேறு. ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போனபோது புதுச் சோஃபாவில் உட்காரச் சொன்னார்கள். "இது இன்னும் உன்னோடது ஆகலியே மாப்ள, எவனோடதுன்னு தெரியாம எப்படி உக்காரறது?" என்று சொல்லிவிட்டு, வந்த இரண்டு மணி நேரமும் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தவன் ரசமட்டம்.

"மாமா, பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கடன் ரிப்போர்ட்ட ஒரு தடவ எடுத்துப் பாத்துக்கங்க" என்றான் தவணை.

"யாரு ரிப்போர்ட்ட?"

"உங்களோடதுதான். யார் யாருகிட்ட என்ன வாங்கினோம், எப்படிக் கட்டினோம்னு எல்லாம் அதுல இருக்கும். நம்மளா பாத்தா ஒண்ணும் ஆகாது. பாக்காம அப்ளிகேஷன் போட்டு, அவங்க வேணாம்னுட்டா, அதுவும் அதுல ஏறும். அப்புறம் அடுத்த பேங்க்காரனும் யோசிப்பான்."

"காய்ச்சல் வர்றவன்தான் ரத்தம் குடுத்துப் பாக்கணும். எனக்கெதுக்கு? நான் எவனுக்கு எவ்வளவு தரணும் சொல்லு பாப்போம்."

"தரணுங்கறதுக்கு இல்ல மாமா..."

"மூணு கார்டு வச்சிருக்கறவன் எனக்கு புத்தி சொல்றான். உன் ரிப்போர்ட்ட எடுத்தா பேங்க்ல பேப்பர் தீந்துடும்டா. முட்டைய எடுத்துப் போட்டுச் சாப்பிடு. அதாச்சும் ரொக்கத்துல வாங்கினது."

தவணை முட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். கோபம் வந்தாலும் சாப்பாட்டை விடுகிற ஆள் இல்லை. அவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாத்துட்டுப் போனா என்ன கொறைஞ்சிடும்?" என்றாள்.

"உன் தம்பிக்கு நீயும் சேந்து பாடு."

*

பேங்கில் கால் வைத்ததும் ரசமட்டம் தரையைத்தான் பார்த்தான். வெள்ளை, இரண்டடிக்கு இரண்டடி. கடன் மேசைப் பக்கம் ஒரு டைல் மூலை தூக்கியிருந்தது. இதைப் பார்த்து ஒட்டத் தெரியாதவன்கள் நம்மைப் பார்த்து எடை போடப் போகிறான்கள் என்று நினைத்துக்கொண்டான். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் எல்லாச் சான்றிதழும், எல்லாவற்றுக்கும் மேலே லேமினேட் செய்த கடிதமும்.

கடன் மேசையில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ளிகேஷன் போட்டுடலாமா சார், இல்ல ரிப்போர்ட் மட்டும் மொதல்ல நீங்க உங்க போன்ல எடுத்துப் பாக்கறீங்களா? நாங்க அப்ளிகேஷன் போட்டு எடுத்தா அது பதிவாயிடும்."

"அப்ளிகேஷனே போடுங்க. ஒளிக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

"மொதல்ல பாத்துடலாம்" என்றாள் மனைவி. துணி மடிக்கிற இடத்தில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகின குரல். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். ரசமட்டம் அவளை முறைத்துவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண் போன் கேட்ட இடத்தில் எல்லாம் தட்டினாள், வந்த ஓடிபியைப் போட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே திரையைப் படித்தாள்.

"சார், உங்க ஸ்கோர் ஐநூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"எத்தனைக்கு?"

"தொள்ளாயிரத்துக்கு."

"அப்ப பாஸ்தானே?"

"முன்னூறுலேருந்துதான் சார் ஆரம்பிக்கும். வீட்டுக்கடனுக்கு எங்களுக்கு எழுநூத்தம்பது வேணும்." போனை அவன் பக்கம் திருப்பினாள். "ஒரே ஒரு கடன்தான் இருக்கு. பைக்குக்கு வாங்கினது. நாலு தவணை விட்டுப் போயிருக்கு. அப்புறம் மிச்சத்தக் குறைச்சுப் பேசி முடிச்சிருக்கீங்க."

ரசமட்டம் சிரித்தான். இதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்றிருந்தது.

"இந்தாங்க. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. முடிச்சாச்சு."

அவள் படித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் அவன் பக்கமே தள்ளினாள்.

"இதான் சார் பிரச்சனையே."

"என்ன பிரச்சனை?"

"முழுசாக் கட்டியிருந்தீங்கன்னா லேட்டாக் கட்டினார்னு மட்டும்தான் இருந்திருக்கும். நாளாக நாளா அது தேஞ்சிடும். நீங்க முப்பத்தெட்டாயிரம் கட்டவே இல்ல. அது அவங்களுக்கு நஷ்டம். இவருக்குக் கடன் குடுத்தா முழுசாத் திரும்பாதுன்னு எல்லா பேங்குக்கும் தெரியற மாதிரி அது நிக்கும்."

"குறைச்சது அவங்கதாம்மா! அவங்க ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாங்க?"

"ஒத்துக்கிட்டாங்க சார். ஒத்துக்கிட்டத எழுதியும் வச்சிட்டாங்க."

"போன வாரம் ஒரு பல் டாக்டர் எனக்கு ஆறாயிரம் குறைச்சான். அதுக்கு முந்தி ஒரு வக்கீல் பதினோராயிரம். இருபத்திரண்டு வருஷமா எனக்குக் குறைச்சுக்கிட்டுத்தான் இருக்கானுங்க. அவனுங்களுக்கெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கீங்க? எடுங்க, பாக்கறேன்."

அந்தப் பெண் ஒரு தும்மலை அடக்கினாள்.

"அது எங்ககிட்ட வராது சார்."

அவ்வளவுதான். அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. கூலிக்காரனுக்குக் குறைத்துக் கொடுத்தவனுடைய பேர் எந்தப் பெட்டியிலும் ஏறுவதில்லை. கம்பெனிக்குக் குறைத்துக் கொடுத்த கூலிக்காரன் பேர் ஏறிவிடுகிறது. ரசமட்டத்துக்குத் தன் காதின் நுனி சூடாவது தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தன் பேரைக் கெடுத்த காகிதத்தை, தண்ணீர் பட்டால்கூடக் கெடாத மாதிரி அவனே உறை போட்டு வைத்திருக்கிறான்.

"மேடம் பேர்ல பாக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"அவ பேர்ல என்ன இருக்கும்? அவ எதுவுமே வாங்கினதில்ல. வெத்துப் பேப்பர்தான் வரும்."

மனைவி தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். வந்த ஓடிபியை அவளே சொன்னாள். தெரிந்த வழியில் நடக்கிறவளைப் போல இருந்தது அது.

"எழுநூத்தி எண்பத்துநாலு" என்றாள் பேங்க் பெண், முதல் தடவையாகச் சிரித்து. "ரொம்ப நல்லாருக்கு மேடம். அஞ்சு கடன், அஞ்சும் முழுசா முடிஞ்சிருக்கு. ஒரு நாள்கூட லேட் இல்ல. வாஷிங் மெஷின், பிரிட்ஜ், ஒரு போன், திரும்ப ஒரு போன்..." விரலால் தள்ளினாள். "கடைசியா டைல் வெட்டற மெஷின். பத்துத் தவணை."

ரசமட்டம் மனைவியைப் பார்த்தான். அவள் பேங்க் பெண்ணின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெஷின் தண்ணீர் ஊற்றி வெட்டுகிற மெஷின். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வாங்கிக் கொடுத்தது. போனஸ் வந்தது என்றாள். "என் வீட்டுக்காரி ரொக்கமா வாங்கிக் குடுத்தா, தவணை கிவணை கிடையாது" என்று கலவைக் கிழவரிடமும் இன்னும் நாற்பது பேரிடமும் அவன் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவித் துடைப்பான்.

"ஆனா மேடம் சம்பளத்துக்கு முழுத் தொகையும் வராது" என்றாள் பேங்க் பெண். "சாரோட பேரச் சேக்க முடியாது. சேத்தா மேடத்தோடதும் கெட்டுடும். அந்த முப்பத்தெட்டக் கட்டி, கம்பெனிகிட்ட புதுசா லெட்டர் வாங்கினா மாறும், ஆனா மாசக்கணக்கு ஆகும். வீட்ல வேற யாராவது சம்பளக்காரங்க, நல்ல ஸ்கோரோட? அண்ணன், தம்பி?"

தம்பி என்ற வார்த்தை மேசைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது.

*

பஸ் நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அஞ்சு கடன். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு."

"ஆமா."

"போனஸ்னு சொன்ன."

"போனஸா? விரிப்பு மடிக்கறவளுக்கு எவன் போனஸ் குடுக்கறான்? பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவ ஒரு குடை குடுத்தான். அதுவும் ஆஸ்பத்திரி பேர் போட்டது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா? என் தம்பி சோஃபாவுக்குப் பக்கத்துல ரெண்டு மணி நேரம் நின்னீங்களே, அது மாதிரி பிரிட்ஜுக்குப் பக்கத்துல நிப்பீங்க. எனக்குப் பால் கெட்டுப் போகாம இருந்தாப் போதும். கையால துவைக்கச் சொன்னா நீங்க துவைப்பீங்களா? நாளு பூரா ஊர்த்துணி, வீட்டுக்கு வந்தா கலவைத்துணி. உங்க சட்டையில இருக்கற சிமெண்ட்டுக்கு ஒரு சுவரு கட்டலாம்."

"ஊரெல்லாம் நான் ரொக்கம் ரொக்கம்னு சொல்லிக்கிட்டு..."

"சொல்லுங்க, யாரு வேணாம்னா? நீங்க வாயால ரொக்கமா இருங்க. நான் மாசம் அஞ்சாம் தேதி கட்டிட்டு வந்துடறேன்."

அவன் பக்கத்தில் நின்ற ஆள் இதைக் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான், சிரிப்பை மறைக்க. ரசமட்டம் அவனுடைய செருப்பைப் பார்த்தான். குமிழி எந்தப் பக்கமும் ஓடவில்லை.

"மருந்துக்கடைக்காரன் குடோன்ல மூட்டை அடுக்கற இடத்துலயா நான் படுக்க முடியும்?" என்றாள் அவள். "வேற வீடு பாத்தா பஸ் பிடிக்கணும். அஞ்சரை ஷிப்டுக்கு எந்த பஸ் வரும்? வேலை போயிடும். தம்பிகிட்ட நீங்கதான் கேக்கணும். நான் கேட்டா அவன் உடனே சரிம்பான். அது எனக்கு வேணாம். முட்டையச் சொல்லிக் காட்டினவர்தான் கேக்கணும்."

*

தவணையின் வீடு மூன்றாவது மாடி. அடுத்த ஞாயிறு காலையில் ரசமட்டம் ஏறிப் போனான். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொன்னது. தவணையின் மனைவி கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிக் கண்ணாலேயே புருஷனுக்கு ஏதோ சொன்னாள். விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே போன் கம்பெனி.

"உக்காருங்க மாமா" என்றான் தவணை. சோஃபாவைக் காட்டினான்.

"பரவால்ல, நின்னே பேசறேன்."

"நின்னு பேசினா எனக்குக் காது கேக்காது மாமா."

"டேய்..."

"இந்தச் சோஃபாவுக்குத் தவணை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ரசீது இருக்கு. பாக்கறீங்களா? லேமினேட் பண்ணலை, அவ்வளவுதான்."

உள்ளே சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. விழுந்ததா, சிரிப்பு வந்து விட்டுவிட்டாளா தெரியவில்லை. ரசமட்டம் சோஃபாவின் ஓரத்தில், சூடான கல்லில் உட்காருகிறவன் மாதிரி உட்கார்ந்தான். பஞ்சு நன்றாக உள்வாங்கியது. அவன் வீட்டு நாற்காலியைவிட ஆயிரம் மடங்கு சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவனுக்கு ஆகவில்லை.

"வசதியா இருக்கா?"

"இருக்கு."

"இப்ப சொல்லுங்க."

"உங்க அக்கா வீட்டு விஷயம். உன் பேரும் சேந்தா முழுக் கடனும் தர்றாங்களாம்."

"என் பேரா? என் ரிப்போர்ட்ட எடுத்தா பேங்க்ல பேப்பர் தீந்துடுமே மாமா."

"சரி, பேசிட்டேன்டா. என்ன செய்யச் சொல்ற? கால்ல விழணுமா?"

"விழுந்தா முட்டி போயிடும், அப்புறம் நாலு தவணை விட்டுப் போகும்." தவணை அவனாகவே சிரித்துக்கொண்டான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "எனக்கு எண்ணூத்தி ஒண்ணு மாமா. அது சும்மா வரலை. சம்பளம் வந்த அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு எல்லாத் தவணையும் பிடிச்சுக்குவாங்க. மிச்சத்துலதான் நாங்க சாப்பிடறோம். அந்த மிச்சம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாது. ஏன் ஞாயித்துக்கிழமையானா அக்கா வீட்டுக்கு வந்துடறேன்னு நெனைக்கறீங்க, உங்க மூஞ்சியப் பாக்கவா?"

போன ஞாயிறு முட்டையைப் பற்றிச் சொன்னது ரசமட்டத்துக்கு ஞாபகம் வந்தது.

"கையெழுத்துப் போடறேன். அக்காவுக்காக. ஆனா ஒண்ணு. அந்த முப்பத்தெட்டாயிரத்த நாளைக்கே போய்க் கட்டுங்க. முழுசா. உங்க பேர் சுத்தமானதும் என் பேர எடுத்துட்டு உங்க பேரப் போடச் சொல்லிக் கேப்பேன். உங்க வீட்டுக் கடன நான் எத்தன வருஷம் தலையில வச்சிக்கிட்டு வேன் ஓட்டறது?"

"கட்டறேன்."

"பேசிக் குறைச்சிடாதீங்க மாமா."

தவணையின் மனைவி டீ கொண்டுவந்தாள். அவன் அதைக் குடித்தான். குடித்து முடிக்கிற வரை எழுந்திருக்கவும் முடியவில்லை. அவ்வளவு ஆழமான சோஃபா அது.

மறுநாள் அந்தக் கம்பெனி ஆபீசில் ரசமட்டம் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பழைய கோப்பைத் தேடி எடுத்து, "இப்ப எதுக்கு சார் கட்டறீங்க? அதான் குறைச்சாச்சே" என்று ஆச்சரியப்பட்டான். பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, லெட்டர் கட்டணம் முன்னூற்று எழுபது என்றான். ரசமட்டம் நானூறு கொடுத்தான். சில்லறை இல்லை என்றான் அவன். ரவுண்டாகப் போய்விட்டது. கடைசி பில்லில் மேல் பக்கம் உருண்ட ரவுண்டை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான், அதையும் கொடுக்கிற பக்கத்திலிருந்து.

*

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பேங்க் லெட்டர் வந்துவிட்டது. ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். மருந்துக்கடைக்காரன் வேறு இடம் பார்க்கப் போனான்.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அதே மேசை, ஜலதோஷம் சரியாகியிருந்த அதே பெண். அவள் காட்டின இடத்தில் எல்லாம் மனைவி கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு பக்கத்தையும் விரிப்பு மடிக்கிற மாதிரி நேராக மடித்துத் தள்ளினாள். பக்கத்தில் தவணை. ஆபீசுக்குப் போகிறவன் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தான். ரசமட்டத்துக்கு நாற்காலி இல்லை. இரண்டு பேருக்கும் பின்னால் நின்றான். மூலை தூக்கியிருந்த டைல் அவன் காலுக்கடியில்தான் இருந்தது.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றாள் பேங்க் பெண்.

"நான் போடலாமா?" என்று கேட்டான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

"போடலாம் சார். இந்தக் கையெழுத்துக்கு ஸ்கோர் வேணாம்."

குனிந்து போட்டான். வீடு வாங்கினவர் என்ற இடத்தில் மனைவி பேர். கடனில் கூடச் சேர்ந்தவர் என்ற இடத்தில் தவணை பேர். எல்லாவற்றுக்கும் கீழே, பக்கத்தின் அடியில், பார்த்தவர் என்ற இடத்தில் அவன். இருபத்திரண்டு வருஷம் மற்றவன் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அது பழக்கமான இடம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஆடுகிற நாற்காலியின் காலுக்கடியிலிருந்து மடித்த அட்டையை உருவி எடுத்தாள். அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தரைக்கு டைல் போடணும்."

"போட்டுடலாம். மிச்ச டைல் வர்ற சைட்டுலேருந்து..."

"மிச்ச டைல் வேணாம். முழுசா வாங்கிப் போடணும். கூலி எவ்வளவு?"

"என் வீட்டுக்கு நான் கூலி கேக்கவா?"

"யார் வீட்டுக்கு?"

அவன் சாமான் பையைத் திறந்து ரசமட்டக் கட்டையை எடுத்து, குழிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். பதினொரு வருஷத்தில் இந்தத் தரையில் அதை வைத்தது இதுதான் முதல் தடவை. குமிழி ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவன் முட்டி போட்டு, கண்ணைச் சுருக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சமையலறைக்குள் போகிற வழியில் அவனைத் தாண்டிக்கொண்டே சொன்னாள்:

"சரியான தொகைய எழுதிக் குடுங்க. கடைசி பில்லுல நான் குறைக்க மாட்டேன்."